எஃப் கார்டின் கணக்கு

1950களின் கடைசியில் லிவர்பூலில் கிட்டார் பழகிக்கொண்டிருந்த சில பையன்களுக்கு, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ‘கார்டு’ என்ற பிடிகளில் ஈ கார்டு தெரியும், ஏ கார்டு தெரியும். அந்த இரண்டோடும் சேர வேண்டிய பி7 மட்டும் பிடிபடவில்லை. ஊரின் இன்னொரு கோடியில் யாரோ ஒருவருக்கு அது தெரியுமாம் என்று காதில் விழுந்ததும் பஸ் ஏறிப் போனார்கள். அவர் விரல் வைக்கும் இடங்களைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டு திரும்பினார்கள். பால் மெக்கார்ட்னி பல பேட்டிகளில் சொல்லியிருக்கும் கதை இது. அந்தத் தலைமுறையில் வீட்டிலேயே பழகிய பலருக்கு வாத்தியாராக இருந்தது பெர்ட் வீடன் 1957இல் வெளியிட்ட ‘பிளே இன் எ டே’ என்ற புத்தகம். ஒரே நாளில் வாசித்துவிடலாம் என்று தலைப்பிலேயே சத்தியம் செய்த புத்தகம். ஜார்ஜ் ஹாரிசன், எரிக் கிளாப்டன், பிரையன் மே எல்லாரும் அதைப் புரட்டியவர்கள்தான். அவர்களுக்கே பல வருடம் பிடித்தது.

இன்றைக்கு பி7 தேடி யாரும் பஸ் ஏற வேண்டாம். கைபேசியில் தட்டினால் ஆயிரம் பேர் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள், காசில்லாமல். அப்படியும், புதிதாக கிட்டார் வாங்குகிறவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள், பெரும்பாலும் முதல் 90 நாளுக்குள், அதைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி சொன்னார். கிட்டார் விற்கிறவரே சொல்லும் கணக்கு என்பதால் மிகைப்படுத்தியிருக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். பாடம் கிடைக்காததுதான் பிரச்சினை என்றால் அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அப்படியானால் வீட்டில் தனியாகப் பழகுகிறவருக்கு எது குறைகிறது?

பெரும்பாலானவர்கள் நின்றுபோகும் இடத்திலிருந்தே பார்ப்போம். அதன் பெயர் எஃப் கார்டு.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு ஃபிரெட் என்று பெயர். ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் ஆறு தந்திகளின் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். நடுவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில். மோதிர விரலும் சுண்டு விரலும் ஐந்தாம், நான்காம் தந்திகளின் மூன்றாம் ஃபிரெட்டில். பிறகு வலது கையால் மீட்டினால் இசை வராது. ‘டப், டப்’ என்று ஒரு மொட்டைச் சத்தமும் நடுவில் ஒரு கரகரப்பும் வரும். அதுவரை ஈ மைனர், ஜி, டி, சி என்று சந்தோஷமாக வந்துகொண்டிருந்த ஆள், தன் விரலில் பலமில்லை, தனக்கு இது வராது என்று முடிவு கட்டுவது இங்கேதான்.

அந்த முடிவு பாதிக்கு மேல் தவறு. காரணம் விரலைவிட அதிகமாக மரத்தில் இருக்கிறது.

இந்த ஃபிரெட்டுகள் நம் வீணையின் மெட்டுகள் செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. எந்த இடத்தில் பதிப்பது என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. லூட் என்ற வாத்தியத்துக்காக 1581இல் அதை எழுதி வைத்தவர் வின்சென்சோ கலிலி. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா. மிச்சமிருக்கும் தந்தி நீளத்தை 18 பாகமாக்கி, ஒரு பாகம் தள்ளி ஒரு மெட்டு வை. மீண்டும் மிச்சத்தை 18 ஆக்கு. இப்படியே போ என்றார். இன்று 18க்குப் பதில் 17.817 என்று வைக்கிறோம். அப்போதுதான் பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியின் சரிபாதியில் விழும். சாதாரண கிட்டாரில் மீட்டப்படும் தந்தியின் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். ஆக முதல் ஃபிரெட், தந்தி உட்கார்ந்திருக்கும் ‘நட்’ என்ற பட்டையிலிருந்து 36 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்.

இந்த 36தான் வில்லன். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியை நடுவில் பிடித்து இழுத்துப் பாருங்கள், இணங்கி வரும். கம்பத்துக்குப் பக்கத்தில் இழுத்தால் வராது. தந்தியும் அப்படியே. உலோகத் தந்தி போட்ட கிட்டாரில் ஒவ்வொரு தந்தியும் ஏறக்குறைய 12 கிலோ இழுவையில் நிற்கிறது. ஆறும் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டும், ஒரு ஆளின் எடை. முதல் ஃபிரெட்டுக்கு மேலே தந்தி 1 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதைக் கீழே தொட வைக்க மட்டும் கிட்டத்தட்ட 350 கிராம் அழுத்தம் வேண்டும். நட்டில் தந்தி உட்காரும் பள்ளம் சரியாக அறுக்கப்பட்டு இடைவெளி அரை மில்லிமீட்டர் ஆகிவிட்டால் 175 கிராம் போதும். இப்போது ஐந்தாம் ஃபிரெட்டுக்கு வாருங்கள். அது நட்டிலிருந்து 162 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே தந்தி 1.4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால்கூட 140 கிராமில் வேலை முடிந்துவிடும். இது தந்தியைத் தொட வைக்கும் கணக்கு மட்டும். கரகரப்பு இல்லாமல் இறுக்கிப் பிடிக்க இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். விகிதம் பெரிதாக மாறாது.

விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் நட் உயரமாகவே வருகிறது. தொழிற்சாலைக்கு அது பாதுகாப்பு: உயரமாக விட்டால் கடையில் எடுத்து மீட்டிப் பார்க்கும்போது கரகரக்காது, திருப்பி அனுப்ப மாட்டார்கள். அந்தப் பாதுகாப்பின் விலையை வாங்கியவரின் ஆள்காட்டி விரல் கட்டுகிறது. புதிதாகப் பழகுபவருக்கு ஆகக் கடினமான கிட்டாரும், ஆகக் கடினமான கார்டும், அந்தக் கார்டுக்கு ஆகக் கடினமான ஃபிரெட்டும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

சோதித்துப் பார்ப்பது சுலபம். எஃப் கார்டுக்கு வைத்த அதே கைப்பிடியை அப்படியே ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நகர்த்தி மீட்டுங்கள். அது ஏ கார்டு. அங்கே ஆறு தந்தியும் ஓரளவு தெளிவாகப் பேசினால் உங்கள் கையில் குறையில்லை. பழுதுபார்க்கும் கடைக்குப் போய் ஆக்‌ஷனை, அதாவது தந்தி உயரத்தை, சரி செய்யச் சொல்லுங்கள். குறிப்பாக நட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் கிட்டாருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று எடுத்து வைப்பதுதான் என் கட்சி. பளபளப்பான உடம்புக்குக் கொடுக்கும் காசைவிட அந்தச் சிறு பட்டையை அறுப்பதற்குக் கொடுக்கும் காசு விரலுக்கு உபயோகம்.

கடைக்குப் போகாமலே பாரத்தைக் குறைக்கவும் வழி உண்டு. 1636இல் மெரின் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தந்திகளின் விதிகளை வகுத்தார். நீளமும் கனமும் மாறாத தந்தியில் சுருதி இரு மடங்கு ஏற வேண்டுமானால் இழுவை நான்கு மடங்கு ஆக வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு லாபம்: சுருதியைக் கொஞ்சம் இறக்கினாலே இழுவை நிறையக் குறையும். ஆறு தந்திகளையும் ஒரு முழுச் சுரம், அதாவது இரண்டு ஃபிரெட் அளவு, இறக்கினால் சுருதி 11 சதவீதம்தான் குறைகிறது; இழுவையோ 20 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பழைய சுருதி வேண்டுமென்றால் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொள்ளலாம். அப்போது கேப்போ பிடித்திருக்கும் ஃபிரெட்டே புதிய நட் ஆகிவிடுவதால், உயரமான பழைய நட்டின் தொல்லையும் போய்விடும். ஆறு வாரம் இப்படிப் பழகிவிட்டு மெல்ல ஏற்றிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் வெட்கப்படுகிறவர்கள் டோனி அயோமியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1965இல் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினேழு வயதுப் பையன். இயந்திரத்தில் சிக்கி, தந்தியை அழுத்தும் கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. கிட்டாரை விடுவதாக இருந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப் போய், மிச்ச இரண்டு விரலால் ஐரோப்பாவையே அசத்தியவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்தி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். 1971இல் பிளாக் சபாத் குழு வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தட்டில் பல பாடல்கள் ஒன்றரைச் சுரம் இறக்கி வாசிக்கப்பட்டவை. மெர்சென் கணக்குப்படி இழுவை அங்கே 30 சதவீதம் குறைவு. ஹெவி மெட்டல் என்ற இசை வகையின் கனத்த குரலில் காயம்பட்ட விரலுக்குச் செய்துகொடுத்த சலுகையும் கலந்திருக்கிறது.

சரி, மரம் செய்யும் தொல்லை போகட்டும். கைக்கும் ஒரு பங்கு உண்டு.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டு வழியாக நீளும் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. எஃப் பிடிக்கும்போது முழங்கைக்குக் கீழே வலிப்பது இதனால்தான். மோதிர விரலின் கட்டுகள் அக்கம்பக்கத்து விரல்களோடு பின்னிக் கிடக்கின்றன. உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மோதிர விரலை மேலே தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாது. ‘என் மோதிர விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை’ என்று எல்லாப் புதியவர்களும் புலம்புவதற்கு உடற்கூற்றில் நியாயம் இருக்கிறது. கேட்க வைக்கலாம், நாளாகும்.

ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் நசுக்க வேண்டும் என்பதும் பொய்யான பயம். ஐந்தாம், நான்காம், மூன்றாம் தந்திகளை மற்ற விரல்கள் மேலே பிடித்திருக்கின்றன. ஆள்காட்டி விரலின் பொறுப்பு மூன்றே தந்திகள்: ஆறாவது, இரண்டாவது, முதலாவது. விரலின் மெத்தென்ற அடிப்பக்கத்தைத் தட்டையாக வைத்தால் மடிப்புகளில் தந்தி ஒளிந்துகொள்ளும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தால் அழுத்த வேண்டும். ஃபிரெட்டை ஒட்டி அழுத்த வேண்டும். அழுத்தும் பலத்தைக் கட்டைவிரலின் கிடுக்கிப்பிடியிலிருந்து எடுக்காமல், முழங்கையைத் தொங்கவிட்டு, கையின் எடையாலேயே கழுத்தைப் பின்னோக்கி இழுத்தால் பாதி வலி போய்விடும். விரல் நுனி எரிவது பரவாயில்லை; உராய்வு படப்பட மேல்தோல் தடித்து, சில வாரங்களில் காய்த்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். தோல்தான் காய்க்கும், தசைநாண் காய்க்காது.

மூளையின் கதை இன்னும் சுவாரசியம். 1995இல் தாமஸ் எல்பர்ட் குழுவினர் ஒன்பது தந்தி வாத்தியக்காரர்களின் மூளையை அளந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஆறு பேர் வயலின், இருவர் செல்லோ, ஒருவர் கிட்டார். இடது கை விரல்களின் தொடுவுணர்வுக்கான மூளைப் பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிட விரிந்திருந்தது. வாத்தியத்தின் கழுத்தைத் தாங்கும் கட்டைவிரலுக்கு அந்த வித்தியாசம் குறைவு. சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு விரிவு அதிகம் என்பதைப் படித்துவிட்டு நாற்பது வயதுக்காரர்கள் மனம் தளர வேண்டாம். அதே ஆண்டு அல்வாரோ பாஸ்குவல் லியோன் குழு, பியானோ தெரியாத பெரியவர்களுக்கு ஒரு ஐந்து விரல் பயிற்சியைத் தினமும் இரண்டு மணி நேரம் கொடுத்தது. ஐந்தே நாளில் விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் மாற்றம் தெரிந்தது. விரலை அசைக்காமல், வாசிப்பதாக மனதில் மட்டும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் மாற்றம் வந்தது. கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு எஃப் கார்டை மனதில் பிடிப்பது வீண் வேலை அல்ல.

எவ்வளவு நேரம் பழகுவது என்பதைவிட எப்படிப் பிரித்துப் பழகுவது என்பதில்தான் தனியாகக் கற்பவர் ஏமாறுகிறார். பிரிட்டிஷ் தபால் ஊழியர்கள் தட்டச்சு கற்க வேண்டி வந்தபோது ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரே மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரமாக இரண்டு வேளை. இடைப்பட்ட குழுக்களும் இருந்தன. 1978இல் வெளியான முடிவு: மொத்த மணிக்கணக்கில் பார்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரக்காரர்களே மிகக் குறைந்த நேரத்தில் கற்றார்கள். ஆனால் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்ததும் அவர்களுக்குத்தான். நன்றாகக் கற்றவர்களுக்கே கற்கிறோம் என்ற நினைப்பு வரவில்லை!

அடுத்த ஆண்டு ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனையிலும் அதே விசித்திரம். மரத்தடைகளை ஒரு வரிசைப்படி கையால் தட்டிச் சாய்க்க வேண்டும். ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்து அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். வரிசைகளைக் கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னபோது கலந்து பழகியவர்களே தேறினார்கள். இதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தால், சி கார்டையே இருபது நிமிடம் மீட்டிவிட்டுப் பிறகு எஃபுக்குப் போவதைவிட, சி, எஃப், ஏ மைனர், ஜி என்று தாறுமாறாக மாற்றிக்கொண்டே இருப்பது மேல். கடினம் கார்டில் இல்லை, ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் இருக்கிறது. அந்தத் தாவலைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது கலவைப் பயிற்சிதான்.

தூக்கத்துக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். 2002இல் மேத்யூ வாக்கரும் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் இடது கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையைத் தட்டச் செய்தார்கள். இரவு தூங்கி எழுந்தவர்கள் இடையில் பழகாமலே சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள். பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த லாபம் இல்லை. இதில் ஒரு பங்கு களைப்பு நீங்கியதால் வந்தது என்று பின்னால் வந்தவர்கள் வாதிடுகிறார்கள். எப்படியானாலும் இரவு பதினொன்றுக்கு வராத மாற்றம் காலையில் வருவதைப் பழகியவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, வீட்டில் குறைகிற சரக்கு எது என்று கேட்டால், நான் சொல்வது வெளி ஆளின் காது. வாத்தியார் எதிரே உட்கார்ந்திருந்தால் கிட்டாரின் நட் உயரம் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். நேற்றைவிட இன்று தேவலை என்றும் சொல்வார். தனியாக இருப்பவருக்கு இதைச் சொல்ல அவருடைய நினைப்பு மட்டுமே இருக்கிறது, அது மேலே பார்த்தபடி நம்பத் தகாதது. விரலைப் பார்க்கும் கவனம் காதுக்கு மிச்சம் வைப்பதில்லை. கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். தாளம் எங்கே இழுக்கிறது என்பது மற்றவர் வாசிப்பைக் கேட்பதுபோல் தெரியும். இண்டியானாபொலிஸில் வெஸ் மாண்ட்கோமரி இருபது வயதையொட்டி, சார்லி கிறிஸ்டியனின் தட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கித்தான் கற்றார். அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டார் சத்தம் போட்டதால் பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மீட்டத் தொடங்கினார். ஜாஸ் உலகம் பிறகு அந்த மென்மையான கட்டைவிரல் ஒலிக்காகவே அவரைக் கொண்டாடியது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

காதை நம்பு என்று சொல்லிவிட்டு, காது ஏமாற்றும் ஓர் இடத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. குறிப்பாகத் தம்புரா கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது வேண்டும். தம்புராவில் சட்ஜத்தை மீட்டினாலே அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். அது சட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரத்திலிருந்து வருவது, 5க்கு 4 என்ற சுத்தமான விகிதம். சென்ட் என்ற அளவில் 386. கிட்டாரின் ஃபிரெட்டுகளோ சப்தகத்தைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியவை. அங்கே காந்தாரம் 400 சென்ட். பதினான்கு சென்ட் தூக்கல். நடு சி 261.63 ஹெர்ட்ஸ் என்றால் சுத்தமான காந்தாரம் 327.03இல் இருக்க வேண்டும்; கிட்டார் கொடுப்பது 329.63. சியையும் கிட்டாரின் இந்தக் காந்தாரத்தையும் சேர்த்து மீட்டினால் மேற்சுரங்கள் மோதி, விநாடிக்குப் பத்து முறை போல ஒரு நடுக்கம் கேட்கும்.

நல்ல காதுள்ளவர் என்ன செய்வார்? ஈ கார்டைப் பிடிப்பார். அதில் காந்தாரம் மூன்றாம் தந்தியில் விழுகிறது. தூக்கலாக இருக்கிறதே என்று அந்தத் தந்தியைக் கொஞ்சம் இறக்குவார். ஈ கார்டு தேனாக இருக்கும். அடுத்து ஜி பிடித்தால் அதே தந்திதான் ஆதார சுருதி, இறங்கி நிற்கும். சி பிடித்தால் அதே தந்தி பஞ்சமம், அதுவும் சேராது. மறுபடி ஏற்றுவார், ஈ கெடும். கிட்டார் சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு மாலை முழுவதும் ட்யூனிங் கீயைத் திருகுவார். கிட்டாரில் பழுதில்லை, எல்லாச் சுருதியிலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காகக் காந்தாரத்தைக் காவு கொடுத்து வடிவமைத்த வாத்தியம் அது. சுருதி காட்டும் ட்யூனர் கருவி சொல்லும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

காதால் சேர்ப்பதென்றால் ஒரே சுரத்தையும் மேல் சட்ஜத்தையும் வைத்து மட்டும் சேர்க்கலாம். அவை இரண்டும் தம்புராவுக்கும் கிட்டாருக்கும் பொது. ஆறாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டும் திறந்த ஐந்தாம் தந்தியும் ஒரே ஏ, 110 ஹெர்ட்ஸ். இரண்டையும் ஒன்றாக மீட்டும்போது ஒன்று 112இல் இருந்தால் விநாடிக்கு இரண்டு முறை ஒலி எழுந்து அடங்கும். கீயை மெல்லத் திருப்பினால் அலை நீண்டு, விநாடிக்கு ஒன்றாகி, இரண்டு விநாடிக்கு ஒன்றாகி, நின்றுபோகும். ஐந்திலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து மூன்றுக்கும் இதே முறை. மூன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது மட்டும் ஐந்தாம் ஃபிரெட்டுக்குப் பதில் நான்காம் ஃபிரெட்; இரண்டிலிருந்து ஒன்றுக்கு மறுபடி ஐந்து.